ஐந்து நிமிடக் கணக்கும் ஐம்பது வருடக் கணக்கும்



இன்று குரங்குகளைப் பற்றி எழுதப் போகிறேன். சிரித்துவிட்டுக் கடந்து போக வேண்டாம். தேங்காய், மரக்கறி, கூரை ஓடு, தண்ணீர்த் தாங்கி, மின்சாரம் என்று நம் பகுதியில் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது கடைசியில் குரங்கில்தான் வந்து நிற்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை எட்டு மணி நினைவிருக்கிறதா? நோன்பு காலம். ஸஹருக்கு எழும்பி, ஸுபஹ் தொழுதுவிட்டு, பாதிப் பேர் மீண்டும் கண்ணயர்ந்திருந்த நேரம். அந்த நேரத்தில்தான் நாடு முழுவதும் பயிரழிக்கும் விலங்குகளின் கணக்கெடுப்பு நடந்தது. எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை. அவரவர் வளவிலும் வயலிலும் நின்று, கண்ணில் படும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எத்தனை என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாவைத் தாண்டியிருந்த காலம் அது. சில மாதங்களில் முடிவும் வந்தது: குரங்குகள் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேல்.

அந்த ஐந்து நிமிடக் கணக்கைப் பற்றி நாம் எல்லோரும் கதைத்தோம். முகநூலில் பகிடியும் விட்டோம். ஆனால் நமது பொலன்னறுவையில், நம் வாசலிலேயே, 1968இல் தொடங்கி ஐம்பது வருடங்களுக்கு மேலாக எழுதப்பட்டு வந்த இன்னொரு குரங்குக் கணக்கு இருக்கிறது. உலகத்தின் பல்கலைக்கழகங்களில் அதைப் படிப்பிக்கிறார்கள். குரங்குகளைப் பற்றி இவ்வளவு நீண்ட காலம் விடாமல் நடந்த ஆய்வுகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வரலாறு படிப்பிக்கிற ஆசிரியன் என்ற வகையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கமாகக் கரையேறி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் போனார். அந்தப் பயணத்தைச் சொல்லும் இடத்தில் குரங்குகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கறுப்பு நிறம், நீண்ட வால், ஆண்களுக்கு மனிதனைப் போல் தாடி என்று அவர் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், அது மலைநாட்டின் ஊதாமுக மந்தியாக இருக்க வேண்டும். அடுத்து இன்னொன்றும் சொல்கிறார். அந்தக் குரங்குகளுக்கு ஒரு தலைவன் உண்டாம். அவன் தலையில் இலைகளால் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கையில் தடி ஊன்றி, சுல்தானைப் போல் இருப்பானாம். இருபுறமும் தடி ஏந்திய காவலர்களாம். இதை அவர் கண்ணால் கண்டதாகச் சொல்லவில்லை. அங்கே சந்தித்தவர்கள் தன்னிடம் சொன்னதாகவே எழுதுகிறார். அந்த நேர்மையை நாம் கவனிக்க வேண்டும். கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்து எழுதத் தெரிந்த பயணி அவர்.

அடுத்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது வருடம் கிராமங்களில் வாழ்ந்து, 1679இல் தப்பிப் போனவர். 1681இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இரண்டு வகைக் குரங்குகளைப் பிரித்துச் சொல்கிறார். ஒன்று, காட்டிலே இருந்து இலையும் குருத்தும் தின்று, பெரிதாகத் தொந்தரவு தராத மந்தி. மற்றது, சிங்களத்தில் ரிலவா என்று நாம் இன்றும் சொல்கிற குரங்கு. இது தானியத்தை அழிக்கிறது, பகல் முழுவதும் காவல் நிற்க வேண்டியிருக்கிறது, ஒரு பக்கத்தால் துரத்தினால் மறுபக்கத்தால் வயலுக்குள் பாய்கிறது என்று எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். 340 வருடங்களுக்கு முந்தைய முறைப்பாடு. நேற்று நம் சேனைக்காரர் ஒருவர் சொன்னது போலவே இருக்கிறது. அதனால் "முன்னே இந்தக் குரங்குகள் காட்டோடு இருந்தன, இப்போதுதான் பழுதாகிவிட்டன" என்ற கதை முழு உண்மை இல்லை. காடு நிறைந்திருந்த காலத்திலும் ரிலவா வயலுக்கு வந்தது. மாறியிருப்பது வேறொன்று. அதை விளங்கிக்கொள்ளத்தான் பொலன்னறுவை ஆய்வு நமக்குத் தேவை.

அதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இந்த ரிலவாவுக்கு 1771இல் லின்னேயஸ் வைத்த விஞ்ஞானப் பெயர் வழியாக இன்று அது மகாகா சினிகா என்று அழைக்கப்படுகிறது. சினிகா என்றால் சீனத்துக்குரியது. ஆனால் இந்த விலங்கு சீனாவில் இல்லை. இந்தியாவில்கூட இல்லை. முழு உலகத்திலும் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. பெயரிலேயே பிழை. இந்தப் பிழைப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இனி 1968.

அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இலங்கையின் காட்டு விலங்குகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தது. பொலன்னறுவைப் புராதன நகரமும் அதைச் சுற்றிய காடும் ஆய்வாளர்களுக்கு வாய்ப்பான இடம். காரணம் எளிது. ஒரே காட்டில் மூன்று வகை: ரிலவா, சாம்பல் மந்தி, ஊதாமுக மந்தி. யாரும் வேட்டையாடாத, வெட்டாத தொல்பொருள் பூமி. மனிதரைக் கண்டு ஓடாத விலங்குகள்.

சுசான் ரிப்லி என்ற பெண் ஆய்வாளர் அதற்கு முன்பே இங்கு சாம்பல் மந்திகளைப் பற்றி ஆராய்ந்திருந்தார். பிரான்சைச் சேர்ந்த ஹ்லாடிக் தம்பதியர் எந்தக் குரங்கு எந்த மரத்தின் எதை எவ்வளவு தின்கிறது என்று அளந்தார்கள். நம் நாட்டவரான ஆர். ருத்ரன் பொலன்னறுவையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் ஊதாமுக மந்திகளை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். பிற்காலத்தில் கொழும்பைச் சுற்றி வளவுகளை நம்பி வாழும், அழிவின் விளிம்பில் நிற்கும் மேற்குப் பகுதி ஊதாமுக மந்திக்காகப் பல வருடம் உழைத்தவரும் அவர்தான். "வெள்ளைக்காரன் வந்து குரங்கு பார்த்தான்" என்று மட்டும் இந்த வரலாற்றைச் சுருக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெயரைக் குறிப்பிடுகிறேன்.

அந்தக் காலத்தில் வந்த இளம் ஆய்வாளர்களில் ஒருவர்தான் வொல்ஃப்காங் டிட்டஸ். கலாநிதிப் பட்டத்துக்காக ரிலவாவை ஆராய வந்தார். 1974இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெற்றார். பட்டம் கிடைத்தால் மூட்டை கட்டுவதுதான் வழக்கம். இவர் தன் ஆய்வை நிறுத்தவில்லை. போர்க்காலத்தைக் கடந்தும் அந்தக் கணக்கு நீண்டது. அந்த வருடங்கள் நமது எல்லைக் கிராமங்களுக்கு எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளர்ந்த நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் அவரோடு சேர்ந்து வேலை பழகி, பின்னர் அவருடைய கட்டுரைகளில் இணை ஆசிரியர்களாகவும் வந்தார்கள்.

அவர் செய்த முதல் வேலை எண்ணுவது இல்லை. அறிமுகமாவது. ரிலவாவின் தலையில் வட்டமாக மயிர் பிரிந்து ஒரு தொப்பி போல் இருக்கும். முகத்தின் நிறத்திட்டுக்கள், காதின் வெட்டு, வாலின் முறிவு, பழைய காயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அடையாளம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முதல் மாதத்தில் நமக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மூன்றாம் மாதத்தில் முதுகைப் பார்த்தே பெயர் சொல்வோம். அதே போலத்தான். ஆரம்ப வருடங்களிலேயே 400க்கும் மேற்பட்ட குரங்குகளை அவர் தனித்தனியாக அடையாளம் கண்டார். பிறகு எது எப்போது பிறந்தது, தாய் யார், எந்தக் கூட்டம், எப்போது காணாமல் போனது, எப்படி இறந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. நம் பிறப்பு இறப்புப் பதிவாளர் செய்கிற வேலைதான். தலைமுறை தலைமுறையாக அப்படி ஆயிரக்கணக்கான குரங்குகளின் வாழ்க்கை பதிவானது.

அதிலிருந்து வந்த முதல் செய்தி எல்லோரையும் அதிரவைத்தது. 1975இலும் 1977இலும் வெளிவந்த கட்டுரைகளில் அவர் காட்டியது இது: காட்டு உணவை மட்டும் நம்பிய கூட்டங்களில், பிறக்கும் பெண் குட்டிகளில் ஏறக்குறைய 85 வீதமும் ஆண் குட்டிகளில் ஏறக்குறைய 90 வீதமும் வளர்ந்து ஆளாவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன.

நாம் நினைப்பது என்ன? குரங்கு மரத்துக்கு மரம் தாவி, பழம் தின்று, கவலையில்லாமல் வாழ்கிறது என்று. உண்மையில் நூறு பிறந்தால் பத்து, பதினைந்துதான் மிஞ்சுகின்றன.

ஏன்? எல்லாவற்றையும் சிறுத்தையும் பாம்புமா பிடிக்கின்றன? இல்லை. பெரும்பகுதிக்குக் காரணம் பசி. அதுவும் ஒரு விசேட வகைப் பசி.

ரிலவாக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பார்கள். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போவார்கள். தாயின் அந்தஸ்து மகளுக்குப் போகும். உயர்ந்த இடத்துத் தாயின் மகள் பிறக்கும்போதே உயர்ந்தவள். தாழ்ந்தவளின் மகள் பிறக்கும்போதே தாழ்ந்தவள். ஆல், அத்தி பழுத்தால் உயர்ந்தவை நல்ல கிளையில் இருந்து தின்னும். தாழ்ந்தவை ஓரத்தில் நிற்கும். குரங்கின் கன்னத்தில் உணவை அடக்கி வைக்கும் பை இருப்பது நமக்குத் தெரியும். தாழ்ந்த குட்டி அவசர அவசரமாகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாலும், பெரியது வந்து அதன் வாயைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துத் தின்றுவிடும். இதையும் டிட்டஸ் கண்டு பதிவு செய்திருக்கிறார்.

உணவு குறையும் காலத்தில் எல்லாக் குரங்கும் சமமாக மெலிவதில்லை. கடைசி வரிசையில் இருப்பவை, அதிலும் சின்னப் பெண் குட்டிகள், முதலில் சாகின்றன. காடு கொடுக்கும் உணவு எத்தனை வயிற்றுக்குப் போதுமோ அத்தனையோடு தொகை நின்றுவிடுகிறது. கூட்டத்தின் ஒழுங்கே அந்தக் கணக்கைச் செய்துகொள்கிறது. கேட்கக் கொடூரமாக இருக்கலாம். ஆனால் கடுமை மட்டும் அந்தக் கூட்டத்தின் கதை இல்லை. நிறையப் பழுத்த மரம் ஒன்றைக் கண்ட குரங்கு ஒரு தனிச் சத்தம் எழுப்பும். தூரத்தில் இருக்கும் மற்றவை ஓடி வரும். அந்தச் சத்தத்துக்கு "இங்கே உணவு நிறைய இருக்கிறது" என்ற பொருள் உண்டு என்று 1984இல் அவர் எழுதிய கட்டுரை, மிருகங்களின் மொழியைப் பற்றிய ஆய்வில் இன்றும் பேசப்படுகிறது.

அடுத்தது 1978 நவம்பர். மூத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "சூறாவளி வருசம்" என்றே நம் வீடுகளில் வயதுக் கணக்குச் சொல்வார்கள். மட்டக்களப்பைத் தாக்கிய அந்தச் சூறாவளி பொலன்னறுவைக் காட்டையும் புரட்டிப் போட்டது. நாம் கூரையையும் தென்னையையும் இழந்த கதையைச் சொல்கிறோம். காடு எதை இழந்தது என்று சொல்ல ஒருவரிடம் மட்டும் கணக்கு இருந்தது. சூறாவளிக்கு முன்பே வீரை, பாலை என்று அந்தக் காட்டின் மரங்களை அளந்து எழுதி வைத்திருந்தபடியால், விழுந்தது எது, நின்றது எது, திரும்பத் துளிர்த்தது எது என்று அவரால் ஒப்பிட முடிந்தது. 1985இல் வெளிவந்த அந்தக் கட்டுரை நமது வரண்ட வலயக் காடுகளைப் புயல்கள் எப்படி உருவாக்குகின்றன என்று காட்டியது. இன்னொன்றும் தெரிய வந்தது. காடு சிதைந்த பிறகு, இலை தின்னும் மந்திகள் தமக்குப் பிடித்த மரங்களின் புதுத் தளிரைத் திரும்பத் திரும்பத் தின்றதால், புயலில் தப்பிய சில மரங்கள்கூடப் பட்டுப்போயின. காடு குறுகினால், அதே மந்தி அதே மரத்துக்குப் பாரமாகிவிடுகிறது. மந்தி மாறவில்லை. இடம் மாறிவிட்டது.

இடம் மாறியதற்குப் புயல் மட்டுமா காரணம்? 1956இல் இலங்கையில் நூற்றுக்கு 44 வீதம் காடு என்று கணக்கிட்டார்கள். 1992இல் அடர்ந்த காடு ஏறக்குறைய 24 வீதம். 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் நம் பக்கத்தில் பெரும் காடுகளைத் திறந்தது. அதனால் தண்ணீர் வந்தது, வயல் வந்தது, வீடு வந்தது. நம்மில் பலர் அதில் சோறு தின்றவர்கள். அதை மறுத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை. அந்தத் திட்டத்தோடு சேர்த்து மதுறு ஓயா, வஸ்கமுவ, சோமாவதிய போன்ற தேசியப் பூங்காக்களும் எண்பதுகளில் உருவாக்கப்பட்டன. ஆனால் ஊரையும் காட்டையும் பிரிக்கும் கோடு முன்பைவிடப் பல மடங்கு நீண்டுவிட்டது. அந்தக் கோட்டின் நெடுகிலும் தென்னை, வாழை, மா, பலா நட்டோம். கூடவே குப்பையையும் கொட்டினோம்.

இங்கேதான் அந்த 85 வீதம் என்ற எண் திரும்ப வருகிறது. கரும்பலகையில் எழுதுவது போல் ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். இது விளங்குவதற்காக நான் செய்யும் உதாரணம் மட்டுமே. காட்டில் 100 பெண் குட்டிகள் பிறந்தால் 15 தாயாகின்றன. தொகை கூடாமலும் குறையாமலும் நிற்கிறது. இப்போது காட்டோரத்தில் ஒரு குப்பைமேடு வருகிறது. சோறு, பாண், மரக்கறிக் கழிவு, மீன் தலை எல்லாம் பரந்து கிடக்கின்றன. அத்தி மரத்தில் உயர்ந்தவள் கிளையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் குப்பையை யார் பிடித்துக்கொள்வது? கடைசி வரிசைக் குட்டிக்கும் வயிறு நிறைகிறது. 15க்குப் பதிலாக 30 தாயாகின்றன என்று வையுங்கள். ஒரே தலைமுறையில் தொகை இரண்டு மடங்கு. அடுத்த தலைமுறையில் நான்கு மடங்கு. குரங்கு முன்பைவிட அதிகமாகக் குட்டி போடத் தேவையே இல்லை. சாக வேண்டியவை சாகாமல் இருந்தாலே போதும்.

மனித உணவு கிடைத்த கூட்டங்கள் பெருத்துப் போவதை டிட்டஸ் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பெருத்த கூட்டம் ஒரு கட்டத்தில் உடையும். எப்படி உடைகிறது, யார் யாரோடு போகிறார்கள் என்பதைக்கூட 1988இல் எழுதியிருக்கிறார். உடைந்த கூட்டம் எங்கே போகும்? பக்கத்துக் காட்டில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கிறது. அது விடாது. மிஞ்சுவது நம் வளவுதான்.

இந்தப் பின்னணியோடு அண்மைக் கால வரலாற்றைப் பாருங்கள்.

2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் ஒரு செய்தி சொன்னார். சீனாவுக்கு 100,000 ரிலவாக்கள் வேண்டுமாம், மிருகக்காட்சிசாலைகளுக்காம். பெயரில் மட்டும் சீனாவைச் சுமந்த குரங்கு உண்மையிலேயே சீனாவுக்குப் போகும் நிலைமை. நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. அப்படி ஏற்றுமதி நடக்காது என்று வனஜீவராசிகள் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதோடு விஷயம் முடிந்தது. அனுப்பியிருந்தால் நம் தொல்லை தீர்ந்திருக்குமா? அந்த நேரத்தில் நாட்டில் 20 முதல் 30 இலட்சம் வரை குரங்குகள் இருப்பதாகச் சொன்னார்கள். 30 இலட்சத்தில் ஒரு இலட்சம் என்றால் நூற்றுக்கு மூன்றைச் சற்றே தாண்டும் அளவுதான். குப்பைமேடு அப்படியே இருந்தால், அடுத்த இரண்டொரு வருடத்தில் தப்பிப் பிழைக்கும் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

"பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுங்கள்" என்பது அடுத்த யோசனை. 2019இல் டிட்டஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஐம்பது வருட அனுபவத்தையும் மக்களின் கருத்தையும் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் என் மனதைத் தொட்டது, தொல்லைப்படும் மக்களில் பெரும்பான்மையோர் குரங்குகளைக் கொல்லச் சொல்லவில்லை என்பது. எங்கள் கண்ணில் படாமல் ஒரு காட்டுக்குக் கொண்டு போங்கள் என்றே கேட்டிருக்கிறார்கள். நம் மக்களின் நல்ல மனசு அது. ஆனால் அந்தக் காட்டின் உணவு அங்கே ஏற்கெனவே இருப்பவைகளுக்கே அளந்த உணவு. கொண்டுபோய் விட்டால் ஒன்று புதியவை பட்டினியில் சாகும், அல்லது பக்கத்துக் கிராமத்துக்கு இறங்கும். நம் தலைவலியை இன்னொரு ஊருக்குப் பார்சல் கட்டுவதுதான் அது. அதே ஊர்க்காரர் தங்கள் குரங்கை நம் பக்கம் கொண்டு வந்து விட்டால் நாம் சும்மா இருப்போமா?

இனி அந்த ஐந்து நிமிடக் கணக்கு. அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பம் இல்லை. எண்ண வேண்டும் என்று ஒரு அரசாங்கம் நினைத்ததே நல்ல விஷயம். ஆனால் ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இரண்டு பேர், ஐந்து நிமிடத்தில் ஒரே கூட்டத்தை இரண்டு படிவத்தில் எழுதலாம். முறையைப் பற்றி ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். எண் சரி என்றே வைத்துக்கொண்டாலும், 50 இலட்சம் என்ற எண் நமக்கு எதைச் செய்யச் சொல்கிறது? ஒன்றும் இல்லை. பயப்படத்தான் சொல்கிறது. 100இல் 85 என்ற பழைய எண்தான் எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டுகிறது: உணவில்.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயமான கேள்வி வரும். "குரங்குக்கு ஐம்பது வருடமாக ஒரு கலாநிதி இருக்கிறார். எனது ஐம்பது தென்னைக்கு யார் இருக்கிறார்?" கேட்பவர் பிழையாகக் கேட்கவில்லை. கடன் எடுத்துச் சோளம் போட்டவருக்கு, இது இலங்கைக்கே உரிய, உலகளவில் ஆபத்துக்குள்ளான இனம் என்று வகுப்பெடுத்தால் கோபம்தான் வரும். நட்டத்துக்கு இழப்பீடு, வேலிக்கு உதவி, வளவைக் காக்கும் முறைகளில் பயிற்சி எல்லாம் அரசின் கடமை. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் பங்கையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சில விஷயங்களை ஊராகச் சேர்ந்து செய்யலாம்.

ஒன்று, குப்பை. வலீமா, கந்தூரி, இப்தார் முடிந்த பிறகு மிஞ்சும் சோறு எங்கே போகிறது? திறந்த வாளியிலும் வாய்க்கால் ஓரத்திலும்தான். மூடியுள்ள தொட்டி, அன்றன்றைக்கே புதைப்பது அல்லது பசளையாக்குவது என்று ஒரு ஒழுங்கு வேண்டும். கடைத் தெருவின் மரக்கறிக் கழிவுக்கும் அப்படியே. பிரதேச சபையிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் குரங்கு பிடிக்கும் கூடு அல்ல, மூடிய குப்பை ஏற்பாடு.

இரண்டு, உணவு கொடுப்பது. பராக்கிரம சமுத்திரக் கட்டிலும் இடிபாடுகள் பக்கமும் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, பிள்ளைகள் கையில் பிஸ்கட் கொடுத்து குரங்குக்குப் போடச் சொல்கிறோம். அது ஸதகா என்றும் சிலர் நினைக்கிறார்கள். கையிலிருந்து வாங்கப் பழகிய குரங்குதான் நாளை குசினிக்குள் வருகிறது. கடைசியில் அடியோ வெடியோ வாங்குவதும் அதுதான். அதற்கு நன்மை செய்ய வேண்டுமானால் கொடுக்காமல் இருங்கள்.

மூன்று, மின்கம்பம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுவதும் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பொலன்னறுவையில் மின்கம்பங்களில் குரங்கு ஏறிச் சாவதைத் தடுக்க, கம்பத்தைச் சுற்றி ஒரு வழுக்கும் தகடு பொருத்திப் பார்த்தார்கள். பலன் தந்தது. 2020இல் அதையும் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெரிய செலவில்லாத வேலை. குரங்கும் பிழைக்கும், மின்சாரமும் தப்பும்.

பிள்ளைகளுக்காக ஒன்று. 2015இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட "மங்கி கிங்டம்" என்ற படம் முழுக்க முழுக்க நம் பொலன்னறுவைக் குரங்குகளைப் பற்றியது. மாயா என்ற தாழ்ந்த நிலைப் பெண் குரங்கின் கதை. அதற்கும் பின்னணி இந்த ஆய்வுதான். உலகத்துப் பிள்ளைகள் நம் இடிபாடுகளைத் திரையரங்கில் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் அவற்றைத் தினமும் பஸ்ஸின் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆறுதலாக ஒருமுறையாவது போட்டுக் காட்டுங்கள். படம் பார்த்த பிறகு காடு எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்.

இந்த வருடம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்க நினைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு கொப்பி. வீட்டுப் பக்கம் வரும் கூட்டம் எது, எத்தனை குட்டி, எந்த மாதம் எதைத் தின்ன வந்தது, எந்தக் குப்பை திறந்திருந்தது என்று கிழமைக்கு ஒரு தடவை, ஒரு வருடம் முழுவதும் எழுத வேண்டும். கேட்டதை எழுதக் கூடாது, கண்டதை மட்டும். இன்ஷா அல்லாஹ், வருடக் கடைசியில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளோடு கதைக்கலாம்.

உங்கள் பகுதியில் குரங்குத் தொல்லை எந்த வருடத்தில் கூடியது? அந்த வருடம் அங்கே என்ன நடந்தது? காடு வெட்டினார்களா, வீதி வந்ததா, குப்பை கொட்டத் தொடங்கினார்களா? மூத்தவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். நம் ஊரின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.